தீபாவளிப் பயணமும் டயரின் காற்றும்

தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள். யார் எந்த ஊருக்கு, எப்போது கிளம்புவது என்பதுதான் அம்பாங்கானில் எங்கள் தாமானில் இப்போது பேச்சு. காரைக் கழுவுகிறோம், எண்ணெய் மாற்றுகிறோம். டயரை மட்டும் காலால் ஒரு தட்டுத் தட்டி, "காற்று இருக்கு" என்று முடித்துக்கொள்கிறோம்.

பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டார்: "அண்ணே, வெயில்ல காற்று விரியுமே, டயர் வெடிக்காம இருக்க கொஞ்சம் குறைச்சு அடிக்கவா?" நம்மில் பலருக்கு இந்த எண்ணம் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறு. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடக்கத்தில்தான் சூடு பிறக்கிறது. ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாக நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓடினால், அந்தச் சூடே டயரைப் பிளந்துவிடும். வெயிலில் கூடும் அழுத்தத்தையோ டயர் தாங்கும். அதை எண்ணித்தான் செய்திருக்கிறார்கள்.

வெப்பம் 10 பாகை செல்சியஸ் மாறினால், கார் டயரில் அழுத்தம் ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் மாறும். ஓட்டி வந்த கையோடு பார்த்தால் 20, 30 கூடுதலாகவே காட்டும். "அதிகமாக இருக்கிறதே" என்று அப்போது காற்றை இறக்கிவிட்டால், ஆறிய பிறகு டயரில் குறைவாகத்தான் இருக்கும். அதனால் காலையில், டயர் ஆறியிருக்கும்போது, பக்கத்திலுள்ள பெட்ரோல் நிலையத்தில் அடிப்பதே சரி.

எவ்வளவு அடிப்பது? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், பெரும்பாலான கார்களில் தூணில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். முன் டயர், பின் டயர் அளவுகள் அதில் உண்டு. ஆள் நிறைந்தால் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருந்தால், பயண நாளில் அதையே பின்பற்றுங்கள். 220 கிலோபாஸ்கல் என்பது 32 பிஎஸ்ஐ. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. நாம் அடிக்க வேண்டிய அளவு அதுவல்ல.

நமக்குப் பனிக்காலம் இல்லை, மழைக்காலம் உண்டு. தீபாவளி வரும் அக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை கொட்டும். காற்று குறைந்த டயரால் சாலை நீரை ஒதுக்க முடியாது. குறைந்த வேகத்திலேயே நீரின் மேல் மிதந்து வழுக்கும். கோலா பிலா பக்கம் புக்கிட் புத்துஸ் ஏறி இறங்குகிறவர்களுக்கு இது விளையாட்டல்ல. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால், காற்று அடித்துப் பயனில்லை, டயரையே மாற்றுங்கள்.

கேமரன் மலைக்குப் போகிறவர்களும் கேட்பார்கள். அங்கே குளிர் அழுத்தத்தைக் குறைக்கும். உயரத்தில் வெளிக்காற்று லேசாக இருப்பது கருவியில் அதைக் கூட்டிக் காட்டும். இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும். கீழே சரியாக அடித்திருந்தால் மேலே போய்க் கைவைக்க வேண்டாம்.

ஓட்டையே இல்லாத டயரிலும் மாதந்தோறும் கொஞ்சம் காற்று கசியும். அதனால் மாதம் ஒருமுறை, நெடும்பயணத்துக்கு முன் ஒருமுறை பாருங்கள். பின்பெட்டியில் கிடக்கும் மாற்று டயரையும் சேர்த்து ஐந்துக்கும் பத்து நிமிடம் போதும். முறுக்கு டின்களை ஏற்றுவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். ஏற்றிய பிறகு அந்த ஐந்தாவது டயரை யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை.