கரைக்குச் சொல்லாமல் கடலுக்குப் போவதா?

2011-ம் ஆண்டு டிசம்பர் 25. ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் பண்டிகை. பழவேற்காட்டுக்கு உல்லாசமாக வந்தவர்கள் மீன்பிடிப் படகு ஒன்றில் சவாரி போனார்கள். ஆண், பெண், குழந்தைகள் எனக் குடும்பத்தோடு ஏறினார்கள். போன படகு கவிழ்ந்தது. 22 பேர் பிணமானார்கள்!

படகில் அளவுக்கு மீறிய கூட்டம். உயிர் காக்கும் லைப் ஜாக்கெட் போடவில்லை. பண்டிகை கொண்டாடப் புறப்பட்டவர்கள் வீட்டில் அன்று இரவு ஒப்பாரி கேட்டது. திருவள்ளூர் மாவட்டமே கலங்கி நின்றது.

அடுத்து என்ன நடந்தது? வழக்கமாக நடப்பதுதான். பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை போட்டார்கள். தடை காகிதத்தில் இருந்தது. சவாரி தண்ணீரில் நடந்தது! தடை வந்த பிறகும் திருட்டுச் சவாரி நடப்பதைப் பத்திரிகைகள் ஆண்டுக் கணக்கில் திரும்பத் திரும்ப எழுதின.

படகுக்காரர் மேல் மட்டும் பழியைப் போடுவது சுலபம். வலையில் மீன் விழாத நாளில் நாலு பேரை ஏற்றி நாலு காசு பார்க்க நினைக்கிறார். அவருக்கும் வயிறு இருக்கிறது. ஏறுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? "இன்னும் ரெண்டு பேர்தானே, ஏத்திக்குங்க அண்ணே, அட்ஜஸ்ட் பண்ணி உட்கார்ந்துக்கிறோம்" என்கிறார்கள். மின்சார ரயிலில் அட்ஜஸ்ட் பண்ணலாம். டவுன் பஸ்ஸில் படியில் தொங்கலாம் (அதுவும் தப்புதான்!). தண்ணீர் அட்ஜஸ்ட் பண்ணாது.

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு? காரணம் இருக்கிறது.

முன்பெல்லாம் கடலுக்குள் போக வேண்டுமானால் படகு வேண்டும், படகோட்டி வேண்டும். இப்போது 'கயாக்' வந்துவிட்டது. ஒருவர் அல்லது இருவர் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் மட்டை உள்ள துடுப்பைப் போடும் சின்னஞ்சிறு படகு. வடதுருவத்துப் பனிப்பிரதேச மக்கள் சீல் தோலில் செய்து வேட்டைக்குப் போன படகு அது. இன்றைக்குப் பிளாஸ்டிக்கில் வருகிறது. காற்றடைத்த கயாக்கும் விற்பனைக்கு இருக்கிறது. மடித்தால் கார் டிக்கியில் அடங்கிவிடும். கட்டுமரத்தைக் கண்ட தமிழனுக்கு இது பெரிய அதிசயம் இல்லைதான். ஆனால் கட்டுமரம் ஓட்டுகிறவர் பிறந்தது முதல் கடலைப் பார்த்தவர். கயாக் ஓட்டுகிறவர் சனிக்கிழமை வரை ஆபீசில் பைலைப் பார்த்தவர்!

கோவளம் பக்கம் பயிற்சி பெற்றவர்கள் கூட இருந்து கற்றுத் தருகிறார்கள். அது நல்லது. பயம் அதைப் பற்றி அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆறு நாள் உழைத்த வாலிபர்கள் ஏழாவது நாள் காற்று வாங்க எங்கே போவார்கள்? பழவேற்காடு ஏரி, எண்ணூர் முகத்துவாரம், பக்கிங்காம் கால்வாய், கடற்கரைக் குப்பங்கள். மைல் கணக்கில் தண்ணீர் கிடக்கிறது. கயாக்கை எந்தத் துறையில் வேண்டுமானாலும் இறக்கலாம். கேட்பாரில்லை. "நமக்குத்தான் நீச்சல் தெரியுமே, பார்த்துக்கலாம் வா மச்சான்" என்று ஒருவன் சொன்னால் போதும்.

நீச்சல் மட்டும் காப்பாற்றுமா?

இங்கிலாந்தில் 1993 மார்ச் 22-ந் தேதி நடந்ததைக் கேட்டால் தெரியும். பிளிமத் நகரப் பள்ளி ஒன்றைச் சேர்ந்த 8 மாணவ மாணவிகள், ஓர் ஆசிரியர், பயிற்சி நிலையத்தைச் சேர்ந்த இரண்டு பயிற்சியாளர்கள். 11 பேரும் லைம் ரெஜிஸ் என்ற ஊரிலிருந்து காலையில் கயாக்கில் கிளம்பினார்கள். பக்கத்து ஊர் வரை கரையோரமாகவே பயணம். மூன்று கிலோ மீட்டர் தூரம்கூட முழுதாக இருக்காது. மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர வேண்டியவர்கள்.

ஆசிரியரின் கயாக் கவிழ்ந்தது. ஏற்றினால் மறுபடி கவிழ்ந்தது. ஒரு பயிற்சியாளர் அவருக்கு உதவ நின்றுவிட்டார். மற்ற பயிற்சியாளர் பிள்ளைகளின் கயாக்குகளை ஒன்றோடொன்று பிடித்துச் சேர்த்து வைத்துக் காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் கரையிலிருந்து வீசிய காற்று அவர்களைச் சத்தமில்லாமல் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனது. அலை பெரிதானது. கயாக்குகளில் தண்ணீர் ஏறி ஒவ்வொன்றாக மூழ்கின. பிள்ளைகள் குளிர்ந்த கடலில் நாலு மணி நேரத்துக்கு மேல் மிதந்தார்கள்.

அவர்களிடம் வாக்கி டாக்கி இல்லை. வானத்தில் கொளுத்திக் காட்டும் அபாய வெளிச்சமும் இல்லை. மதியம் வர வேண்டியவர்கள் வரவில்லையே என்று நிலையத்தார் பதறிக் கடலோரக் காவல் படைக்கு உடனே போன் செய்தார்களா? அதுவும் இல்லை. பிற்பகல் வெகுநேரம் கழிந்த பிறகுதான் தகவல் போனது. ஹெலிகாப்டர் வந்து தூக்கியபோது பொழுது சாயும் நேரம். மாணவ மாணவிகள் நாலு பேர் பிழைக்கவில்லை.

அதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? அதே நிலையத்தில் வேலை பார்த்து விலகிய பயிற்சியாளர் ஒருவர், முந்தின ஆண்டே முதலாளிக்குக் கடிதம் எழுதியிருந்தார். சாமான்கள் போதாது, இப்படியே போனால் ஒரு நாள் யார் வீட்டுப் பிள்ளையோ திரும்பி வராது என்று எச்சரித்திருந்தார். கடிதம் கிடப்பில் கிடந்தது!

கேஸ் கோர்ட்டுக்குப் போனது. 1994-ல் நிர்வாக இயக்குநருக்கு மூன்று ஆண்டு சிறை (அப்பீலில் இரண்டாகக் குறைந்தது). கம்பெனிக்கு அறுபதாயிரம் பவுன் அபராதம். உயிர்ப்பலிக்காக அந்நாட்டில் ஒரு கம்பெனியே குற்றவாளியாகத் தீர்ப்புப் பெற்றது அதுதான் முதல் தடவை. 1995-ல் தனிச் சட்டமே வந்தது. சிறுவர்களை இந்த மாதிரி விளையாட்டுக்கு அழைத்துப் போகும் நிலையங்கள் சோதனைக்கு உட்பட்டு லைசென்ஸ் பெற வேண்டும் என்றார்கள். கயாக் விடக்கூடாது என்று அவர்கள் தடை போடவில்லை. கவனிக்க வேண்டிய விஷயம் இது!

நம் கடல் இங்கிலாந்துக் கடல் போலக் குளிராது. அது ஒரு புண்ணியம். தண்ணீரில் விழுந்தவனுக்கு இங்கே அவகாசம் கூடுதல். ஆனால் காற்று இங்கேயும் அதே வேலையைத்தான் செய்யும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேல்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். 'ஆகா, அலையே இல்லை' என்று இறங்குகிறவனைக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே போகும். திரும்பித் துடுப்புப் போடும்போதுதான் சங்கதி தெரியும். போகும்போது பத்து நிமிடம். வரும்போது வரவே முடியாது.

முகத்துவாரம் இன்னும் மோசம். ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் வந்து விழுகிறது. கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலைச் சேருகிறது. வடகிழக்குப் பருவ மழையில் ஆற்று வெள்ளம் முழுக்க இந்த வாசல் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். கடல் வற்றும் நேரமும் அதோடு சேர்ந்தால் ஓட்டம் இழுக்கிற இழுப்பு சொல்லி முடியாது. வெளியே போகும் ஓட்டமும் உள்ளே வரும் அலையும் மோதும் இடத்தில் தண்ணீர் குத்திட்டு நிற்கும். அங்கே பழகிய மீனவரே நேரம் பார்த்துத்தான் படகு விடுவார். விடுமுறைக்காரர்கள் சரியாக டிசம்பர் மாதத்தில், சரியாக அந்த இடத்தைப் பார்க்கத்தான் ஆசைப்படுகிறார்கள்!

சரி, கயாக் கவிழ்ந்தே விட்டது. என்ன செய்வது?

முதல் வேலை, கயாக்கை விடக்கூடாது. கரை கிட்டத்தில் இருப்பது போலத்தான் தெரியும். கடலில் கண் ஏமாற்றும். நீந்திப் போய்விடலாம் என்று கிளம்பியவன் பாதியில் களைத்துப்போவான். கயாக் கவிழ்ந்தாலும் லேசில் மூழ்காது, பிடித்துக்கொண்டால் தாங்கும். தேடி வருகிறவர் கண்ணிலும் அதுதான் முதலில் படும். அலைக்கு நடுவில் மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுகூடத் தெரியாது.

மேலே உட்கார்ந்து ஓட்டும் ரகக் கயாக் என்றால் திரும்ப ஏறிக்கொள்ளலாம். கயாக்கை நிமிர்த்த வேண்டும். பக்கவாட்டில் நின்று காலை உதைத்து உடம்பை மேலே தள்ளி, குறுக்கே குப்புறப் படுக்க வேண்டும். பிறகு புரண்டு உட்கார்ந்து, கடைசியில் காலை உள்ளே போட வேண்டும். சொல்ல எளிது. முதல் தடவை செய்கிறவனுக்கு நாக்குத் தள்ளிவிடும். ஆகவே இதை இடுப்பளவுத் தண்ணீரில் பத்துத் தடவை பழகாதவன் ஆழத்துக்குப் போகவே கூடாது. இரண்டு மூன்று பேர் போயிருந்தால் பிரியக்கூடாது. தாகம் எடுக்கிறது என்று கடல் தண்ணீரை ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. தாகம் இன்னும் ஏறும்.

லைப் ஜாக்கெட்டைக் கயாக்கில் போட்டு உட்கார்ந்துகொண்டு போகிற புத்திசாலிகளும் உண்டு. விழுந்த பிறகு தண்ணீரில் அதை மாட்டுவது சர்க்கஸ் வேலை! கரையிலேயே மாட்டி, பட்டையை இறுக்கி, தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். காது வரை ஏறினால் அளவு சரியில்லை. கொக்கி உடைந்து, தெர்மாகோல் நொறுங்கிப்போன ஜாக்கெட்டைப் பேருக்கு மாட்டி விடுகிற இடத்தில் காசைக் கொடுக்காமல் திரும்புவதே நல்லது. கழுத்தில் ஒரு விசில். செல்போன் தண்ணீர் புகாத உறையில், உடம்போடு கட்டியபடி. கயாக்கோடு கட்டி வைத்தால் கயாக் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் போகும்போது யாருக்குப் பிரயோஜனம்?

இவ்வளவும் இருந்தாலும் ஒன்று இல்லாவிட்டால் வீண். எங்கே போகிறார்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பது கரையில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொன்ன மணிக்கு வராவிட்டால் அந்த ஆள் "வந்துடுவாங்க" என்று டீ குடித்துக்கொண்டிருக்காமல் போன் செய்ய வேண்டும். இந்தியக் கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554. தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. லைம் ரெஜிஸ் பிள்ளைகளின் உயிரில் பாதி, கரையில் வீணான அந்தச் சில மணி நேரத்தில்தான் போனது.

தகவல் சரியாகப் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டாமி 2018 செப்டம்பரில் பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றும் போட்டியில் இருந்தார். தெற்கு இந்தியப் பெருங்கடலில் சூறாவளி அடித்துப் பாய்மரம் ஒடிந்தது. முதுகில் பலத்த அடி. எழுந்து நிற்க முடியாத நிலை. சுற்றிலும் நடுச் சமுத்திரம். ஆனால் அவரிடம் இருந்த அபாயக் கருவி இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தியும் அனுப்பினார். இந்தியக் கடற்படை விமானம் படகைக் கண்டுபிடித்தது. செப்டம்பர் 24-ந் தேதி பிரெஞ்சுக் கப்பல் 'ஒசிரிஸ்' அவரை மீட்டது. அதே போட்டியில் திரும்பக் கலந்துகொண்டு 2023-ல் இரண்டாம் இடம் பிடித்தார்! நடுச் சமுத்திரத்தில் கிடந்தவர் பிழைத்தார். பழவேற்காட்டுப் படகு கவிழ்ந்தது கரைக்கு எவ்வளவு கிட்டத்தில்!

அதிகாரிகள் தடை ஒன்றைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது வேலைக்கு ஆகாது. தடை போட்டால் கணக்கு வழக்கில்லாமல் சவாரி நடக்கும். லைசென்ஸ் கொடுத்தால் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகமாவது இருக்கும். பழவேற்காட்டில் எந்த இடம் வரை போகலாம் என்று எல்லை குறித்து, முகத்துவாரத்தை அடியோடு விலக்கி, ஏரிப் பகுதியில் மட்டும் சவாரியை முறைப்படுத்தினால் என்ன? எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகின் மேலேயே பெயிண்டில் எழுத வேண்டும். குழந்தைகள் அளவு ஜாக்கெட்டும் இருக்க வேண்டும். ஓட்டுகிற உரிமையையும் வருமானத்தையும் உள்ளூர் மீனவர் சங்கங்களுக்கே கொடுக்கலாம். அந்தத் தண்ணீரை அவர்களைவிடத் தெரிந்தவர் யார்?

சிப்காட் கம்பெனிகளும் பள்ளிக்கூடங்களும் வருஷத்துக்கு ஒரு தடவை டூர் அழைத்துப் போகின்றன. பஸ்ஸுக்குப் பர்மிட் பார்க்கிறார்கள், சாப்பாட்டுக்கு மெனு பார்க்கிறார்கள். தண்ணீரில் இறங்குகிற நிகழ்ச்சி இருந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.

அடுத்த விடுமுறைக் கூட்டம் வருவதற்குள் செலவில்லாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பொன்னேரி பஸ் நிலையத்திலும் பழவேற்காடு படகுத் துறையிலும் எண்ணூர் கடற்கரையிலும் 1554, 1093 என்ற இரண்டு எண்களைக் கொட்டை எழுத்தில் எழுதி வைப்பதுதான் அது. ஒரு டப்பா பெயிண்டும் ஓர் ஏணியும் போதும்.