கோயிலைத் தாண்டியும் ஒரு தலைநகரம் இருந்தது

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வரும் சுற்றுலா வாகனங்கள் பெரும்பாலும் கோயில் வாசலில் நின்று, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகின்றன. வழிகாட்டி சண்டேச அனுக்கிரக மூர்த்தியைக் காட்டுகிறார். சிம்மக் கிணற்றைக் காட்டுகிறார். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தோடு இதை ஒப்பிட்டுப் பேசுகிறார். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டு வாக்கில் இங்கே உருவாக்கியது ஒரு கோயிலை மட்டுமல்ல. 1279இல் சோழர் ஆட்சி முடியும்வரை, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள், ஒரு பேரரசு இங்கிருந்து ஆளப்பட்டது. அந்த நகரத்தைச் சொல்லாமல் கோயிலை மட்டும் காட்டி அனுப்புவது, வந்தவர்களுக்குப் பாதி வரலாற்றை மறைப்பதாகும். வழிகாட்டி நடைகள் கோயில் மதிலுக்கு வெளியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

வெளியே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். கோயிலுக்குத் தென்மேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டரில் மாளிகைமேடு இருக்கிறது. தமிழக அரசின் தொல்லியல் துறை 1980களிலும், மீண்டும் 2021 முதலும் அங்கே அகழாய்வு செய்து, அரண்மனையின் செங்கல் சுவர்களை வெளிக்கொணர்ந்தது. கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், தந்தப் பொருள்கள், சீனப் பானை ஓடுகள் எனக் கிடைத்தவை ஏராளம். ஸ்ரீவிஜயத்தின் மீது 1025இல் கடற்படை அனுப்பிய அரசனின் ஊரில் சீனத்துப் பீங்கான் சில்லு கிடைப்பது சாதாரணச் செய்தியா? கடல் வாணிகம் அரண்மனைச் சமையற்கட்டுவரை வந்து சேர்ந்ததற்கு அதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. இன்னொரு பக்கம் சோழகங்கம். கங்கை நீரைக் கொண்டுவந்து, நீரால் ஆன வெற்றித்தூணாக இராசேந்திரன் இதை அமைத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. இன்று அதைப் பொன்னேரி என்கிறோம். பல கிலோமீட்டர் நீளும் அந்தக் கரையில் நின்று பார்த்தால்தான், ஆற்றங்கரையை விட்டுத் தள்ளி, வடக்கே ஒரு பெருநகரத்தை எழுப்பியவர்கள் தண்ணீருக்கு என்ன வழி கண்டார்கள் என்பது விளங்கும்.

தரைமட்டச் செங்கல்லைப் பார்க்க யார் வருவார்கள் என்பது அடுத்த மறுப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. மாளிகைமேட்டில் தனியே போய் நிற்பவருக்கு அது வெறும் குழிகளாகத் தோன்றக்கூடும். ஆனால் வழிகாட்டி என்று ஒருவர் தேவைப்படுவதே அத்தகைய இடத்தில்தானே? விமானம் யார் சொல்லாமலும் கண்ணை நிறைத்துவிடும். இடிந்த சுவர் எந்த அறையைத் தாங்கியது, கூரை எப்படி வேயப்பட்டது என்பதை மட்டும் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள முடியும். அழிவுக்கும் ஒரு கதை உண்டு. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கோயிலின் கருங்கல் மதிலைப் பெயர்த்துக் கல் எடுத்துப் போனார்கள். தடுத்த மக்கள் தண்டிக்கப்பட்டார்கள். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்குறுதியும் நிறைவேறவில்லை. கும்பகோணத்திலிருந்து வரும் பயணி அணைக்கரையில் அந்தக் கீழணையைக் கடந்துதான் வருகிறார். அங்கே வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்திச் சொல்லவேண்டிய செய்தி அல்லவா இது?

ஊர்ப்பெயர்களை நம்பி வழிகாட்டிகள் கதை கட்டிவிடுவார்கள் என்ற அச்சம் இவற்றைவிட வலுவானது. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி என்று சுற்றிலும் இருக்கும் பெயர்கள் கற்பனையைத் தூண்டுபவை. பெயர் இருப்பதாலேயே அங்கே ஆயுதசாலை இருந்தது என்று அடித்துச் சொல்வது வரலாறு ஆகாது. அதற்காக நடையையே கைவிடுவதில் நியாயமில்லை. அகழாய்வில் கிடைத்தது எது, கல்வெட்டும் செப்பேடும் சொல்வது எது, ஊர் வழக்கு எது என்று மூன்றையும் பிரித்துச் சொல்லப் பழக்கினால் போதும். கேட்பவர்கள் அதை விரும்பவும் செய்வார்கள்; எப்படித் தெரியும் என்ற கேள்விக்கான பதில், பல சமயம் தெரிந்த செய்தியைவிடச் சுவையானது. அந்தப் பயிற்சியைத் தொல்லியல் துறை, குழியில் மண்ணை வாரிச் சலித்த உள்ளூர் ஆட்களிலிருந்தே தொடங்கலாம். ஒவ்வோர் ஓடும் எந்த ஆழத்தில் கிடைத்தது என்று நேரில் கண்டவர்கள் அவர்கள். இந்த ஊரில் வாழ்பவர்களுக்கும் சுற்றுலாவால் ஒரு வருமானம் கிடைக்கும். தங்கள் தோட்டத்தில் தட்டுப்படும் பழைய செங்கல்லைப் பெயர்த்தெடுக்காமல் விட்டுவைக்க ஒரு காரணமும் கிடைக்கும். யுனெஸ்கோ 2004இல் கோயிலுக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியை அளித்தது. மதிலுக்கு வெளியே உள்ள நகரத்துக்கு இப்போதைக்கு ஒரு நல்ல வரைபடமும், நிழலான நடைபாதையும், அரை நாள் கூட நடந்துவரும் ஒரு வழிகாட்டியும் வேண்டும்.