கேமரா யார் கையில்?

அரசுப் பள்ளியில் டிஜிட்டல் கல்வி என்றதும் ஸ்மார்ட் வகுப்பறை, பாடநூலில் கியூஆர் கோடு, கல்வித் தொலைக்காட்சி என்று அடுக்குகிறார்கள். எல்லாமே பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பதற்கு. அவர்கள் எடுத்துக் காட்ட என்ன இருக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமாரைச் சொல்ல வேண்டும். மலக்குழி மரணங்களைப் பேசிய ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்தில் ஒளிப்பதிவு செய்தவர். தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துப் படமெடுக்கக் கற்றுத்தருகிறார். பத்திரிகைகளில் சேரி வந்ததெல்லாம் எரிந்த குடிசையாக, மார்பில் அடித்து அழும் தாயாக. சாவு விழுந்தால்தான் கேமரா வரும். அங்கேயே வாழும் பிள்ளை எடுத்தால், விடியலில் வேலைக்குக் கிளம்பும் அம்மாவும் தெரிவாள், தெருவில் சிரிக்கிற அம்மாவும் தெரிவாள்.

“சோத்துக்கே வழியில்ல, இதெல்லாம் எதுக்கு?” என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். தனியார் பள்ளிப் பெற்றோர் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

இதைப் பள்ளிக்குள் செய்ய ஆளில்லாமல் இல்லை. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைத் தெருவில் எத்தனை முறை உட்கார்ந்துவிட்டார்கள்! ஓவிய வகுப்பைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது தனிக் கதை.

அந்த ஆசிரியர்களை நிரந்தரமாக்குங்கள், அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். பள்ளிக்கு இரண்டு கேமராவாவது வாங்குங்கள். வாங்கியதைத் தலைமை ஆசிரியர் அறை பீரோவில் பூட்டி வைக்காதீர்கள்.