புருஷன் கடனும் பெண்ஜாதி சம்பளமும்

புருஷன் கடன்பட்டு, அது வழக்காகி, மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசி, மாதத் தவணையில் கட்டுவதாகக் கையெழுத்தும் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவுடன் முதல் முதலாகக் கை நீட்டுவது எங்கே என்றால், தன் பெண்ஜாதியின் சம்பளத்திலும் அவள் கழுத்து நகையிலுந்தான். கடன் வாங்கும்போது அவளை ஒரு வார்த்தை கேட்டவனல்ல. தவணைத் தொகையை ஒப்புக்கொள்ளும்போதும் கேட்டவனல்ல. கட்டவேண்டிய நாள் வந்த பிறகு மாத்திரம், "குடும்பம் என்றால் இருவருக்கும் பொதுதானே" என்கின்ற வேதாந்தம் அவனுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. கணக்கில் பொது இல்லை, யோசனையில் பொது இல்லை, நஷ்டத்தில் மாத்திரம் பொது என்றால் இது என்ன நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

இந்த அக்கிரமத்துக்கு வேர் எங்கே இருக்கிறது? மனைவிக்கும் மகனுக்கும் அடிமைக்கும் சொந்தச் சொத்து கிடையாது, அவர்கள் சம்பாதிப்பது அவர்களை உடையவனுக்கே சேரும் என்று மனுதர்மம் எழுதி வைத்தது. பஞ்சத்திலும், நோயிலும், தர்ம காரியத்திலும், தான் பிடிபட்டுத் தடுத்து வைக்கப்பட்ட காலத்திலும் புருஷன் எடுத்துக்கொண்ட ஸ்திரீதனத்தை அவன் திருப்பித் தரவேண்டியதில்லை என்று யாக்ஞவல்கியர் சொன்னார். முனிவன் கடனைத் தீர்க்கப் பெண்டாட்டியையும் பிள்ளையையும் விற்ற அரிச்சந்திரனைச் சத்தியவான் என்று கூத்துக்கட்டி ஆடினோம். விற்கப்பட்ட சந்திரமதிக்குச் சம்மதமா என்று கேட்டவர் எத்தனை பேர்? சூதாட்டத்தில் தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று துரோபதை சபையில் கேட்ட கேள்வி ஒன்றுதான் இந்தப் புராணக் குப்பையில் பகுத்தறிவுள்ள கேள்வி. அதற்கு அங்கிருந்த பெரியவர்களில் எத்தனை பேர் நேரான பதில் சொன்னார்கள்?

நிற்க. இன்றைய சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். புருஷன் தனியே வாங்கிய கடனுக்கு, மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டோ ஜாமீன் நின்றோ இருந்தாலொழிய, அவள் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து பதில் சொல்லவேண்டியவளல்ல. ஸ்திரீதனம் முழுக்க அவளுடைய சொத்து என்று உச்சநீதிமன்றம் 1985-ல் தீர்ப்புச் சொல்லிற்று. கஷ்டத்தில் புருஷன் அதை உபயோகித்தாலும் திருப்பித் தரக் கடமைப்பட்டவனே என்று 2024-ல் மறுபடியும் சொல்லிற்று. தகப்பன் கடனை அடைப்பது மகனுக்குப் புண்ணியக் கடமை என்ற சாஸ்திரத்தைக்கூட, 2005-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதற்குப் பின் வாங்கப்படும் கடன்களுக்குச் செல்லாது என்று ஒழித்தது. சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவோ, சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி இவைகளோடு, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத ஆபரணத்தையும் ஜப்தி செய்யக்கூடாது என்கிறது. அதாவது, கோர்ட்டு அமீனா தொடக்கூடாத தாலியைத் தாலி கட்டினவனே அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறான்! தாலியின் புனிதம் பேசுகிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுகிறார்கள்?

இனிக் கணக்குக்கு வருவோம். புருஷனுக்கு மாதம் 24,000 ரூபாய், பெண்ஜாதிக்கு 12,000 ரூபாய் சம்பளம் என்றும், வாடகை, அரிசி, பால், பள்ளிக்கூடச் செலவு எல்லாம் சேர்ந்து 21,000 ரூபாய் ஆகிறதென்றும் வைத்துக்கொள்வோம். புருஷன் வீறாப்பாக 16,000 ரூபாய் தவணைக்கு ஒப்புக்கொண்டு வருகிறான். அவனிடம் மிஞ்சுவது 8,000. பெண்ஜாதியின் 12,000 முழுவதையும் போட்டாலும் 1,000 ரூபாய் குறைகிறது. அந்த ஆயிரத்துக்கு அவள் குழுக்கடன் வாங்குகிறாள். பழைய கடன் புருஷன் பேரில், புதுக்கடன் பெண்ஜாதி பேரில்! இதற்குப் பெயர் கடன் தீர்ப்பதா?

இத்தனைக்கும், கடன்காரன் டிகிரி பெற்று நிறைவேற்ற வந்தாலும், சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 24,000 ரூபாய் சம்பளத்தில் பிடிக்கக்கூடியது ஏறக்குறைய 7,666 ரூபாய்தான். பலவந்தமாகப் பிடிக்க முடியாத தொகையை வீட்டில் கேட்காமல் மானத்துக்குப் பயந்து வலிய ஒப்புக்கொள்வது என்ன புத்திசாலித்தனம்? மக்கள் நீதிமன்றத் தீர்ப்பு கோர்ட்டு டிகிரிக்குச் சமானம். அதன்மேல் அப்பீல் கிடையாது. ஆகவே கணக்குப் பார்க்கவேண்டியது கையெழுத்துக்கு முன்னாலேயொழியப் பின்னால் அல்ல.

நேர்மையான கணக்கு எப்படி இருக்கும்? வருமானம் இரண்டுக்கு ஒன்றானால் செலவும் இரண்டுக்கு ஒன்று. புருஷன் 14,000, பெண்ஜாதி 7,000. அவனுக்கு மிஞ்சும் 10,000-ல் 7,500 தவணைக்குப் போனாலும் பஸ்ஸுக்கும் மருந்துக்கும் 2,500 இருக்கும். அவளுக்கு மிஞ்சும் 5,000 அவளுடையது. அதை அவள் கடனுக்குக் கொடுக்க இஷ்டப்பட்டால் கொடுக்கட்டும். கேட்டுக் கொடுப்பது உதவி. கேளாமல் எடுப்பது கொள்ளை. சம்பளமில்லாத பெண்ணோ, சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்ப்பதிலேயே தன் பங்கைச் செலுத்திவிட்டாள். அவளிடம் நகையைக் கேட்பது இரண்டாம் முறை வசூலிப்பதாகும்.

"அன்புள்ள இடத்தில் கணக்கு எதற்கு?" என்பார்கள் சிலர். அன்புள்ள இடத்தில் ஒளிவு மறைவு எதற்கு என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். எல்லாம் ஒரே உண்டியல் என்றால் சந்தோஷம், ஆனால் சாவி இருவரிடமும் இருக்கவேண்டும். பெண்ஜாதியின் ஏ.டி.எம். கார்டைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்பைப்பற்றிப் பேசுவது பித்தலாட்டம்.

நியாயம் ஒரு பக்கத்துக்கு மாத்திரம் சொந்தமல்ல. வீட்டுச் செலவுக்கென்று இருவரும் அறிந்து வாங்கிய கடன், யார் பேரில் இருந்தாலும், இருவரும் சுமக்கவேண்டியதே. குழுக்கடன் பெண்ஜாதி பேரில் இருக்கிறது, எனக்கென்ன என்று, அந்தப் பணத்தைச் செலவழித்த புருஷன் நழுவுவது அயோக்கியத்தனம். அப்படியே, கடன் கொடுத்தவனை ஏமாற்ற வீட்டையும் நிலத்தையும் மனைவி பேருக்கு மாற்றுவதும் மோசடிதான். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி அது ரத்தாகக் கூடியது. மனைவி என்பவள் புருஷனுக்கு ஜாமீனுமல்ல, ஒளித்துவைக்கும் பெட்டியுமல்ல.

ஆகவே தோழர்களே! கடன் பத்திரத்தையும் தவணைச் சீட்டையும் இருவர் கண்ணுக்கும் முன்னால் விரித்து வையுங்கள். வீட்டுச் செலவை எழுதிக் கழித்த பிறகே தவணையை ஒப்புக்கொள்ளுங்கள். பெண்மக்களே! படித்துப் பாராமல் எந்தக் காகிதத்திலும் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் கடன் முழுவதும் உங்கள் தலைமேலும் ஏறும். பதிவிரதை என்ற பட்டத்தை எந்த அடகுக் கடையிலும் மீட்க முடியாது. கணக்குக் கேட்பது பெண்ணுக்கு அடுக்காது என்று சொல்லுகிறவர்களுக்கு நாம் சொல்லுவது ஒன்றுதான்: கணக்குக் காட்ட முடியாதவனுக்குப் பணம் கேட்கும் உரிமை இல்லை.