கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!

திருச்சியில் தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடித்து, மூன்று பேர் சீட்டில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து, 'அப்பாடா' என்று கைக்குட்டையை எடுக்கும் நேரத்தில்தான் அந்தக் குரல் கேட்கும்.

"சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!"

நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஆசாமி கால்வாசி உட்கார்ந்திருப்பார். அவர் நம்மிடம் கேட்கவில்லை, தகவல் சொல்கிறார். அதற்குப் பிறகு நாம் முழு டிக்கெட்டுக்குப் பாதி உடம்பை மட்டும் சீட்டில் வைத்து, ஒரு காலை நடைபாதையில் ஊன்றி, கம்பியைப் பிடித்துக்கொண்டு செங்கிப்பட்டி வரை தவம் செய்ய வேண்டியதுதான். வளைவு வரும்போதெல்லாம் அவர் நம்மைப் பார்த்துச் சிநேகமாகச் சிரிப்பார். நாமும் சிரித்துத் தொலைப்போம்.

இந்த 'அட்ஜஸ்ட்' என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அகராதியைப் புரட்டினேன். (பஸ்ஸில் வந்த இடுப்பு வலி குறைந்த பிறகு.) பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்ததாம். அங்கே அதன் அர்த்தம், 'பக்கத்தில் கொண்டுவருவது'. 'ஜஸ்ட்' என்கிற நியாயத்தின் சாயல் பிற்பாடுதான் அதில் ஒட்டிக்கொண்டது. ஆக, நம்ம தஞ்சாவூர்க்காரர் ஒரு எழுத்து லத்தீன் படிக்காமல் அசல் அர்த்தத்தில்தான் பேசியிருக்கிறார். நியாயம்தான் இன்னும் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

வெள்ளைக்காரன் பெரும்பாலும் டை, கடிகாரம், மூக்குக்கண்ணாடி இவற்றைத்தான் அட்ஜஸ்ட் செய்தான். நாமும் ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் இருந்தோம். தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடியில் அப்பா ஆன்டெனாவைத் திருப்ப, மாடிப்படியில் நான் நின்று, "வந்துச்சா?", "இல்லையாம்!", "இப்போ?", "போயிருச்சாம்!" என்று தகவல் பரிமாறிய வரைக்கும் அட்ஜஸ்ட் செய்யப்பட்டது அலுமினியக் குழாய் மட்டும்தான். அப்புறம் மனிதர்களைத் திருப்ப ஆரம்பித்தோம்.

ஓட்டலில் சட்னி தீர்ந்துவிட்டால், "சாம்பார்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்." தையற்காரர் சட்டையைக் குட்டையாகத் தைத்துவிட்டால், "இன் பண்ணி அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." மாதக் கடைசியில் நண்பன் தோளில் கை போட்டு, "மாப்ளே, ஒரு ரெண்டாயிரம் அட்ஜஸ்ட் பண்ணேன்" என்பான். இந்த இடத்தில் அதற்கு 'கடன் கொடு' என்று பொருள். திருப்பிக் கேட்டால், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கடா" என்பான். இந்த இடத்தில் 'தர மாட்டேன்' என்று பொருள். ஒரே வார்த்தை, ஒரே வாய்! அரசியலில் இன்னும் நுட்பம். மேடையில் கட்டிப்பிடித்துக்கொண்ட இரண்டு கட்சிகள் மறுநாள், "இது கூட்டணி இல்லை, தொகுதி உடன்பாடுதான்" என்பார்கள். சீட் அட்ஜஸ்ட்மென்ட்! பஸ்ஸில் நடப்பதும் அதேதான், பேருக்கு வித்தியாசம்.

இது நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை. பெங்களூரு போனால் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' இல்லாமல் நாள் நகராது. ரயில்வேயோ இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. ஆர்.ஏ.சி. டிக்கெட் என்று ஒன்றைக் கொடுத்து, முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒரே சைடு லோயர் பர்த்தில் எதிரெதிராக உட்கார வைத்து, நான்கு கால்களையும் நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறார்கள். 2017-ல் ஒரு சுற்றறிக்கை விட்டார்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைதான் படுக்கலாம், மற்ற நேரத்தில் சக பயணிகளுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று. நடு பர்த்காரர்கள் கோயில் கட்டாத குறை!

சிரிக்க முடியாத இடம் ஒன்றும் உண்டு. மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் பாட்டை விசாரித்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது. வாய்ப்புக்குப் பதிலாகப் பெண்களிடம் எதிர்பார்க்கப்பட்டதற்கு அங்கே புழங்கிய பெயர்களில் ஒன்று 'அட்ஜஸ்ட்மென்ட்'. எத்தனை மரியாதையான வார்த்தை! கேட்கிறவனுக்கு வாய் கூசவே வேண்டாம்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இந்த வார்த்தை முதலில் அறிமுகமானது பஸ்ஸில் அல்ல, அக்கவுண்டன்ஸி நோட்டில். இறுதிக் கணக்கு என்று ஒரு கணக்கு வரும். பக்கம் நிறைய எண்களைக் கொடுத்துவிட்டு, அடியில் 'அட்ஜஸ்ட்மென்ட்ஸ்' என்று நாலைந்து வரி போட்டிருப்பார்கள். தமிழ் மீடியத்தில் 'சரிக்கட்டுதல்கள்'. இறுதிச் சரக்கு இவ்வளவு, கூலி பாக்கி இவ்வளவு, முன்கூட்டிக் கட்டிய இன்ஷூரன்ஸ் இவ்வளவு, இயந்திரத் தேய்மானம் இத்தனை சதவீதம். மேலே இருக்கும் எண்கள் சாது. ஆளைக் கொல்வது இந்த நாலைந்து வரிதான். எனக்கு பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் டேலி ஆனதாகச் சரித்திரமே கிடையாது.

கற்றுக்கொடுத்தது அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள், அவளும் பி.காம்., முதல் வகுப்பு, அப்போது ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. என் நோட்டைப் பார்த்ததும் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"கூலி பாக்கியைச் செலவுல கூட்டினே, சரி. அது நாம இன்னும் குடுக்கவேண்டிய கடன் இல்லையா? பொறுப்புப் பக்கம் எங்கே? அட்ஜஸ்ட்மென்ட்னு வந்தா ரெண்டு இடத்துல எழுதணும்டா. ஒரு இடத்துல மட்டும் எழுதினா ஜென்மத்துக்கும் டேலி ஆகாது."

அடுத்த பரீட்சையில் டேலி ஆனது. அக்காவுக்கு ஒரு டெய்ரி மில்க் வாங்கிக் கொடுத்தேன். பாதியை நானே சாப்பிட்டேன்.

மறு வருஷம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபியை உறிஞ்சிக்கொண்டே, "நாங்க பெரிய குடும்பம். பொண்ணு அட்ஜஸ்ட் பண்ணிப்பாளா?" என்று கேட்டார். அவர் வாய் மூடுவதற்குள் அப்பா, "எங்க பொண்ணு எங்கே போனாலும் அட்ஜஸ்ட் பண்ணிப்பா!" என்றார், டேபிள் ஃபேன் விற்கிறவர் மாதிரி. அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. (நானும்தான். நான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன்.)

வேலையை விட்டாள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அங்கே போனால், குழந்தை பள்ளிக்கூடம் போகட்டும் என்றார்கள். குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது மாமியார் படுத்த படுக்கையானார். தினமும் என்ன நடந்தது என்று அவள் சொன்னதில்லை, நாங்களும் துருவவில்லை. மூன்றாவது வருஷம் ஒரு பையுடன் தனியாக வந்து நின்றாள். அப்பா ராத்திரி வெகுநேரம் பேசினார். காலையில் அதே பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் பஸ் ஏற்றிவிடப் போனேன். தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாகக் கொடுத்து, பெரிய மனுஷன் மாதிரி, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோக்கா" என்றேன்.

"சரிடா. இங்கே எழுதிட்டேன். இன்னொரு இடம் எங்கே?" என்றாள்.

ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அக்காவும் நானும் திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போனோம். ஜன்னலோரம் அக்கா, நடுவில் நான், ஓரத்தில் ஒரு பெரியவர். துவாக்குடியில் ஏறிய ஒருவர் நேரே எங்கள் சீட்டுக்கு வந்தார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." பெரியவர் நகர, நானும் பழக்க தோஷத்தில் அக்கா பக்கம் நகர்ந்தேன். அக்கா நகரவில்லை.

"முடியாதுங்க" என்றாள். கோபமே இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். "மூணு பேர் சீட்டு. மூணு பேர் உட்கார்ந்திருக்கோம்."

முன் சீட்டில் இரண்டு தலைகள் திரும்பின. கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. "சார், நீங்க உட்காருங்க, நான் நிக்கிறேன்" என்று எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உட்காருடா."

உட்கார்ந்தேன்.

அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே பின் சீட்டுக்குப் போனார். "சார், கொஞ்சம்..." என்று அவர் ஆரம்பித்ததுமே அங்கே மூன்று பேர் நகரும் சத்தம் கேட்டது. அக்கா ஜன்னல் கண்ணாடியை முழுவதும் தள்ளிவிட்டு, காலை வசதியாக நீட்டிக்கொண்டாள். வல்லம் வருவதற்குள் நன்றாகத் தூங்கிவிட்டாள்.