நலவாழ்வுப் பகுதி: பூங்காவில் உதிரும் கொட்டைகள்

விநாயகர் தேர் லாச்சப்பல் வீதிகளைச் சுற்றி வந்து சில கிழமைகள் செல்ல, பாரிஸ் நகரத்து மரங்கள் பழுக்கத் தொடங்கிவிடும். தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட, பேரப்பிள்ளைகளைக் காற்றாடக் கூட்டிச் செல்லும் பொறுப்பு அம்மம்மா, அப்பப்பாமாரையே சேர்கிறது. பழைய புகையிரதச் சரக்கு முற்றத்தைத் திருத்தி 2007ஆம் ஆண்டு திறந்த ஏயோல் பூங்கா நடை தூரத்தில் இருக்கிறது. இன்னும் விசாலமான இடம் வேண்டுவோர் இரண்டாம் இலக்க மெத்ரோவில் ஜோரேஸ் வரை சென்று, அங்கிருந்து 7பிஸ் ஏறி, 1867இல் திறக்கப்பட்ட பியூத் ஷோமோன் பூங்காவுக்குப் போவார்கள். பிள்ளைகள் ஓடி விளையாட, பெரியவர்கள் வாங்கில் இருந்து ஊர்க்கதை பேசுவார்கள். அந்த வாங்கின் காலடியில்தான் விஷயம் கிடக்கிறது.

மெருகு பூசினாற்போல மினுங்கும் மண்ணிறக் கொட்டை. கண்டவுடன் பலாக்கொட்டை நினைவு வரும். மெத்ரோ வாசல்களில் தள்ளுவண்டிக்காரர் "மரோன் ஷோ" என்று கூவிச் சுட்டு விற்பதும் இதுபோலத்தான் தோன்றும். காசு கொடுத்து வாங்குவதை இங்கே சும்மா பொறுக்கலாமே என்று ஒரு பை நிறையச் சேர்த்துக்கொண்டு போய் அவித்தால், வந்தது வினை.

இதில் பிரெஞ்சு மொழியும் சேர்ந்து நம்மவரைக் குழப்புகிறது. தள்ளுவண்டியில் மரோன் என்று விற்பது உண்மையில் ஷத்தேன் என்னும் உண்ணத்தக்க கொட்டை. பூங்காவில் உதிர்வதோ மரோன் தேந்த். "இந்திய மரோன்" என்று பொருள். இந்தியாவுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கிரேக்கம், அல்பேனியா ஆகிய நாடுகளின் மலைப்பக்கத்து மரம் இது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொன்ஸ்தாந்திநோப்பிள் வழியாகப் பாரிஸுக்கு வந்தது. கிழக்கிலிருந்து வருவதெல்லாம் இந்தியச் சரக்கு என்று அக்காலத்தவர் எண்ணினார்கள் போலும். அமெரிக்காவிலிருந்து வந்த வான்கோழிக்கும் "தேந்த்" என்றே இன்றுவரை பெயர்.

வேறுபாட்டை அறிய மரத்தை அண்ணாந்து பார்த்தாலே போதும். மரோன் தேந்த் இலை, நமது இலவ மரத்து இலைபோல ஐந்து முதல் ஏழு விரல்களாக விரிந்திருக்கும். ஷத்தேன் இலை தனித்தனியாக, நீளமாக, ஓரத்தில் வாள்பல் கொண்டிருக்கும். மேலோட்டிலும் பேதம் உண்டு: நஞ்சுக் காயில் கட்டையான முட்கள் இடையிட்டு நிற்கும், நல்ல காயோ முள்ளம்பன்றிக் குட்டிபோல நெருங்கிய ஊசிகளால் மூடப்பட்டிருக்கும். கொட்டை மட்டுமே கையில் இருந்தால் நுனியைப் பார்க்கவேண்டும். ஷத்தேனுக்குக் கூரிய நுனியும் அதில் சிறு குஞ்சமும் உண்டு. மற்றது உருண்டை, நுனி இல்லை.

மரோன் தேந்தில் இருக்கும் நஞ்சு சப்போனின் வகையைச் சேர்ந்த எஸ்சின். பூவந்திக் கொட்டையைத் தண்ணீரில் உரசினால் நுரை வருவது நம் பாட்டிமார் அறிந்தது. அதுவும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம். சாதாரணமாக அவிப்பதாலோ சுடுவதாலோ நஞ்சு நீங்காது. தின்றவருக்கு வாயும் தொண்டையும் எரியும். வாந்தி, வயிற்று வலி, வயிற்றோட்டம் தொடரும். பெரியவர் ஒரு கடியிலேயே கசப்பு என்று துப்பிவிடுவார். சிறு பிள்ளையின் நிலை வேறு. முழுக் கொட்டை தொண்டையில் அடைக்கும் ஆபத்தும் உண்டு.

இதே எஸ்சினைப் பிரித்தெடுத்து, கால் நரம்பு புடைத்தவர்களுக்கு மருந்தாகவும் விற்கிறார்கள். உணவகங்களில் நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் நம்மவருக்கு அந்த நோய் புதிதல்ல. அதைக் கேள்விப்பட்டுப் பூங்காக் கொட்டையை இடித்துக் கஷாயம் வைப்பது மடமை.

கொட்டையைவிடக் கொடியது ஒன்று வேலியாக நிற்கிறது. ஈஃப் என்னும் கரும்பச்சை மரம், ஊசி இலை, இலையுதிர் காலத்தில் சின்னக் கிண்ணம்போலச் சிவந்த பழம். குருவி தின்றால் பிள்ளையும் தின்னலாம் என்பது ஊர்க் கணக்கு. இங்கே அது பிழைக்கும். குருவி சிவந்த சதையை உண்டு விதையை அப்படியே கழித்துவிடுகிறது. விதையை மென்றாலும் இலையைத் தின்றாலும் மனிதருக்கு இதயத் துடிப்பே குலையும். ஆனால் ஜிஃப் சூர் ஈவெத் ஆய்வுகூடத்தில் பியேர் பொத்தியே குழுவினர் இந்த மரத்தின் இலையிலிருந்துதான் தொசெத்தாக்செல் என்ற புற்றுநோய் மருந்துக்கு வழி கண்டார்கள். நம் வீட்டு முற்றத்துப் பட்டிப்பூவிலிருந்து வினொரெல்பின் மருந்தை ஆக்கியதும் அவர்களே.

பிள்ளை எதையேனும் விழுங்கிவிட்டால் உப்புத்தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் உண்டு. செய்யவே கூடாது; உப்பே பிள்ளையின் உயிருக்கு உலை வைக்கும். பாலும் கொடுக்கவேண்டாம். வாயில் எஞ்சியதைத் துடைத்தெடுத்து, தின்ற காயையோ இலையையோ பத்திரப்படுத்திக்கொண்டு தொலைபேசியை எடுக்கவேண்டும். பிள்ளை சோர்ந்தாலோ மூச்சுத் திணறினாலோ 15. மற்றப்படி பாரிஸ் நஞ்சுத் தகவல் நிலையம், "சாந்த்ர் ஆந்திபுவாசோன்", இரவு பகல் எந்நேரமும் பதில் சொல்லும்: 01 40 05 48 48. இது சார்ந்த பெர்னான் விடால் மருத்துவமனை, நம்மவர் முருங்கைக்காய் வாங்கப் போகும் அதே போபூர் சென் தெனி வீதியில் 200ஆம் இலக்கம் என்பது பலருக்குத் தெரியாது. பிள்ளையின் வயது, நிறை, என்ன தின்றது, எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். பிரெஞ்சு வராத பெரியவர்கள் இந்த நான்கையும் ஒரு துண்டில் பிரெஞ்சில் எழுதுவித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கலாம்.

ஷத்தேன் தின்ன ஆசையுள்ளவர்கள் சந்தையில் வாங்கலாம். அவித்தால் பலாக்கொட்டைக்குக் கிட்டவான ருசி. சற்று இனிப்புக் கூட. சுடுவதானால் ஒவ்வொன்றின் தோலையும் கத்தியால் கீறிக்கொள்ள வேண்டும். கீறாவிட்டால் அடுப்பிலேயே வெடிக்கும்.