மேசனுக்கு ஏன் அக்ரஹார இல்லை?

அரச உத்தியோகத்தருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கு. சம்பளத்திலேயே மாதாமாதம் கழியும். வார்ட்டில மறித்தால் செலவில் ஒரு பங்கு திரும்பி வரும். நல்லது. அந்த வார்ட்டைக் கட்டின மேசனுக்கு?

"இலவச வைத்தியம்தானே" என்கிறார்கள். ஓம், கட்டில் இலவசம். "ஐயா, இந்த மருந்து இங்க இல்லை, வெளியில வாங்குங்கோ" என்று துண்டு எழுதித் தந்தால் (2022இல் எல்லாரும் பட்டதுதானே) வீட்டு நகைதான் அடகுக்குப் போகும்.

கம்பனியில் வேலை செய்பவருக்காவது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி இருக்கு. முதலாளி போடும் 3 வீதத்தில் நடக்கும் அந்த நிதியில் இருதய சத்திரசிகிச்சைக்கு உதவி உண்டு. நாட்கூலிக்கு எந்த முதலாளி 3 வீதம் போடுறான்?

ஆகவே நாங்கள் கேட்பது: உழைக்கிற எல்லாருக்கும் ஒரே காப்புறுதி. சந்தா வருமானத்துக்கு ஏற்றபடி. நாட்கூலிக்காரரின் பங்கை அரசே கட்டட்டும். முதலில் அந்த மருந்துத் துண்டுக்குக் காசு தரட்டும். தனியார் ஆஸ்பத்திரி அறை வாடகையெல்லாம் பிறகு பாப்பம்.